இரண்டு இருக்கைகள் காலியான வகுப்பில் மாணவர் பேரவைக்கு என்ன வேலை?

கேள்வி: நான் ஒரு பள்ளியின் மாணவர் பேரவைத் தலைவி. சென்ற வாரம் சாலை விபத்தில் 11-ஆம் வகுப்பு மாணவர்கள் இருவர் இறந்துவிட்டார்கள். கூடப் போன இன்னொருவன் காயத்தோடு பிழைத்திருக்கிறான். வண்டியை அவன்தான் ஓட்டினான் என்று பள்ளி முழுக்கப் பேச்சு. பேரவையில் 12 பேர் இருக்கிறோம். அஞ்சலிக் கூட்டம், மெழுகுவத்தி ஊர்வலம், நிதி திரட்டல், யாரும் எந்நேரமும் மனம்விட்டுப் பேச ஒரு வாட்ஸ்அப் குழு என்று திட்டமிட்டிருக்கிறோம். என்னிடம் வந்து அழுகிறவர்களுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. எதில் தொடங்குவது?

பதில்: முதலில் அந்த வாட்ஸ்அப் குழுவைக் கைவிடுங்கள். நள்ளிரவு 2 மணிக்கு ஒருத்தி ‘எனக்கும் வாழப் பிடிக்கவில்லை’ என்று எழுதினால் யார் பார்ப்பது? பார்த்தவர் என்ன செய்வது? விபத்துப் படங்களும் வதந்திகளும் பரவுவதற்கும் அதுவே வழியாகிவிடும். அதற்குப் பதில் தினமும் ஒரே நேரத்தில் ஒரு சிறு அறிவிப்பு போதும்: உறுதியான தகவல் எது, இன்னும் தெரியாதது எது, அடுத்த அறிவிப்பு எப்போது, உதவிக்கு எந்த ஆசிரியரைப் பார்க்கலாம். தலைமையாசிரியர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே வெளியிடுங்கள். நிதி திரட்டலைப் பள்ளி நிர்வாகத்திடம் விட்டுவிடுங்கள். மாணவர் கையில் பணம் புழங்கினால் கணக்குச் சண்டைதான் மிஞ்சும்.

இரண்டு குடும்பங்களிடமும் பள்ளியின் சார்பில் ஒரே ஒருவர் பேசட்டும். படத்தை வைக்கலாமா, எந்தத் தகவலைச் சொல்லலாம், அஞ்சலியில் அவர்களுக்கு எது வேண்டாம் என்று கேட்க வேண்டும். பதில் வரும்வரை பேனர் அடிக்காதீர்கள்.

அழுகிறவர்களிடம் பேசுவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனமும் வேறு அமைப்புகளும் சேர்ந்து 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு பார்ப்பது, கேட்பது, உதவக்கூடியவர்களோடு இணைப்பது என மூன்று செயல்களைச் சொல்கிறது. மனநல வல்லுநர் அல்லாதவர்களும் செய்யக்கூடியவை இவை. “உன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காரட்டுமா?” என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். அவள் பேசாவிட்டால் நீங்களும் பேச வேண்டாம். “சாப்பிட்டாயா? வீட்டுக்கு யாரோடு போவாய்?” போன்ற கேள்விகள் உதவும். “தைரியமா இரு”, “எல்லாம் விதி”, “உன் வலி எனக்குப் புரியுது” ஆகியவற்றைத் தவிருங்கள். கேட்டதும் எதிரில் இருப்பவர் வாயை மூடிக்கொள்வார். நடந்ததை விவரமாகச் சொல்லச் சொல்லித் தூண்டவும் வேண்டாம். எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து அன்று கண்டதையும் பட்டதையும் ஒரே அமர்வில் கொட்டவைக்கும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. பின்னாளில் வரும் மன அழுத்தக் கோளாறை அது தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியதால் இப்போது பரிந்துரைப்பதில்லை.

யாருக்கும் ரகசியச் சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். “ஊரெல்லாம் சொல்ல மாட்டேன், ஆனால் உன் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் ஒரு பெரியவரிடம் சொல்வேன்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சாக வேண்டும் என்று யாராவது சொன்னால், விளையாட்டாகச் சொன்னதுபோலத் தெரிந்தாலும், தனியே விடாமல் நீங்களே அவரை ஆலோசகரிடமோ பொறுப்பாசிரியரிடமோ அழைத்துப் போங்கள். “போய்ப் பார்” என்று அனுப்பினால் பலர் போகவே மாட்டார்கள்.

கண்ணீர் விடுகிறவர்கள் எப்படியும் கண்ணில் படுவார்கள். இறந்தவர்களோடு கடைசியாகச் சண்டை போட்டவன், அன்று கூடப் போக வேண்டியிருந்து போகாதவள், தம்பி தங்கைகள் படிக்கும் வகுப்பு, சமீபத்தில் வீட்டில் சாவைக் கண்டவர்கள் ஆகியோரைத்தான் தேடிப் பார்க்க வேண்டும். சிரித்து விளையாடுகிறவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். துக்கம் எல்லோருக்கும் ஒரே மாதிரி வராது.

பிழைத்தவன் விஷயத்தில்தான் பேரவைக்கு உண்மையான வேலை இருக்கிறது. அவன் திரும்பும் நாளில் பள்ளி நடந்துகொள்ளும் விதத்தை இப்போதே தீர்மானியுங்கள். யார் ஓட்டியது என்பதை விசாரிப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். “எங்களுக்குத் தெரியாது, பேசவும் மாட்டோம்” என்ற ஒரே பதிலை 12 பேரும் சொல்ல வேண்டும். அவன் வருவதற்கு முன் ஆசிரியர் மூலம் அவனிடமே கேளுங்கள்: வகுப்பில் என்ன சொல்லலாம், எங்கே உட்கார விருப்பம், கூட யார் இருக்க வேண்டும். முதல் நாள் அரை நாள் போதும். வாசலில் வரவேற்புக் கூட்டம் வேண்டாம். அவன் தேர்ந்தெடுத்த இரண்டு பேர் இடைவேளையிலும் சாப்பாட்டு நேரத்திலும் கூட இருக்கட்டும். மூச்சு முட்டினால் கேட்காமலே எழுந்து போக அவனுக்கு ஓர் அறை ஒதுக்கச் சொல்லுங்கள். காலி இருக்கைகளை ராத்திரியோடு ராத்திரியாக அகற்றிவிடாமல், அந்த வகுப்பைக் கேட்டு, அவன் வருமுன் முடிவெடுங்கள்.

அஞ்சலிக் கூட்டத்தை 20 முதல் 30 நிமிடத்துக்குள் முடியுங்கள். கடைசிப் பாடவேளையில் வைக்காதீர்கள். கலங்கிய பிள்ளைகள் நேரே ஆளில்லாத வீட்டுக்குப் போக நேரும். காலையில் வைத்தால் பிறகு ஆசிரியர்கள் கவனிக்கலாம். வருவது கட்டாயமாக இருக்கக்கூடாது. வராதவர்களுக்கு வேறொரு அறையில் ஓர் ஆசிரியர் இருக்கட்டும். பேசுபவர்கள் எழுதிவைத்துப் படிக்கட்டும். மைக்கைப் பொதுவில் விட்டால் யாராவது பழி சொல்வார்கள், அல்லது விபத்தை வர்ணிப்பார்கள். கதவருகே இருவர் தண்ணீரோடு நின்று, வெளியேறுகிறவர் பின்னால் போகட்டும். ஊர்வலத்தை விட்டுவிடுங்கள்; நெரிசலில் துப்பட்டாவும் தீயும் சேரக்கூடாது. நினைவுப் பலகை வைத்தால் எடுக்கும் தேதியையும் அன்றே அறிவியுங்கள், 2 வாரம் போதும். ஒட்டும் தாள்களை ஆசிரியர் ஒருவர் தினமும் படிக்க வேண்டும். உதவி கேட்கும் வரி அங்கேதான் முதலில் வரும்.

பேரவையில் இறந்தவர்களின் நெருங்கிய நண்பர்கள் இருந்தால் அவர்களுக்குப் பொறுப்பு தராதீர்கள். நீங்களே அப்படியென்றால் துணைத்தலைவரிடம் ஒப்படையுங்கள். மற்றவர்கள் இருவர் இருவராகப் பிரிந்து, ஒரு ஜோடிக்கு நாளுக்கு ஓர் இடைவேளை என்று முறை வையுங்கள்.

முதல் சில வாரங்களில் தூக்கம் கெடுவதும் படிப்பில் மனம் ஓடாததும் இயல்பு. ஒரு மாதம் தாண்டியும் அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது, தூக்கம் இல்லை, பள்ளிக்கே வர மறுக்கிறார் என்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும், பொறுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். இறந்தவர்களின் பிறந்தநாள், தேர்வு முடிவு வரும் நாள், வகுப்புப் புகைப்பட நாள் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். முதலாண்டு நினைவுநாள் வரும்போது நீங்கள் பள்ளியில் இல்லாமல் போகலாம். இந்தத் தேதிகளையும் குடும்பங்கள் வேண்டாம் என்று சொன்னவற்றையும் ஒரே தாளில் எழுதி, பொறுப்பாசிரியரிடம் ஒரு படியும் அடுத்த பேரவைக்கு ஒரு படியும் கொடுத்துவிடுங்கள்.