கிரியேட்டினின், ஈஜிஎஃப்ஆர்: கேள்வி பதில்

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது, கிரியேட்டினின் 1.2. மகன் எனக்கு 25 வயது, அதே 1.2. ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்ற மதிப்பீடு) மட்டும் அவருக்கு 49, எனக்கு 86 என்று வந்திருக்கிறது. லேப் தவறா?

பதில்: தவறில்லை. கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. உங்கள் உடம்பில் நாள்தோறும் நிறைய உற்பத்தியாகும், அதை 1.2-லேயே நிறுத்திவைக்க சிறுநீரகம் வேகமாக வடிகட்டியாக வேண்டும். அம்மாவுக்கு உற்பத்தியே கொஞ்சம். அதுவும் 1.2-க்கு ஏறியிருக்கிறது என்றால் வடிகட்டுவது மெதுவாகிவிட்டது. ஈஜிஎஃப்ஆரைக் கணக்கிடும் 2021 சிகேடி-எபி சூத்திரம் வயதையும் பாலினத்தையும் வைத்து இதை ஈடுகட்டுகிறது. ஆனால் தசையை அது நேரடியாகப் பார்ப்பதில்லை. அம்மா மிகவும் மெலிந்தவரானால் 49-ஐ விடவும் குறைவாக இருக்கலாம். தசையைச் சாராத சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் புரதத்தைப் பார்த்தால் தெளிவாகும் (தைராய்டு கோளாறு, ஸ்டீராய்டு இருந்தால் அதுவும் மாறும்).

ஒரு தாளை வைத்து முடிவு செய்யாதீர்கள். யூரினில் புரதம் கசிகிறதா என்று காட்டும் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம் பாருங்கள். ஒரு கிராமுக்கு 30 மி.கி.க்குள் இருக்க வேண்டும். ரத்தத்தை 3 மாதம் கழித்து மறுபடி பாருங்கள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் (சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய வலி மாத்திரை) போடுகிறாரா என்பதை இன்றே கேளுங்கள்.

கேள்வி: வடிகட்டும் வேகத்தை நேரடியாக அளக்க 24 மணி நேர யூரின் கேட்கிறார்கள். எப்படிப் பிடிப்பது?

பதில்: காலை 6 மணிக்குப் போவதைக் கீழே விட்டுவிட்டு நேரத்தைக் குறியுங்கள். அதன்பின் ஒரு சொட்டு விடாமல் கேனில். மறுநாள் 6 மணிக்குப் போவதும் சேர வேண்டும். மலம் கழிக்கும்போது போவதுதான் பெரும்பாலும் தவறிப்போகிறது. முதலில் யூரினைப் பிடித்துவிட்டு உட்காருங்கள். கேன் குளிர்ச்சியாக இருக்கட்டும்.

கணக்கு இது: 1,440 மி.லி. சேர்ந்தால் நிமிடத்துக்கு 1 மி.லி. யூரினில் கிரியேட்டினின் 100, ரத்தத்தில் 1.0 (இரண்டும் மி.கி./டெ.லி.) என்றால் வடிகட்டும் வேகம் 100 × 1 ÷ 1.0 = நிமிடத்துக்கு 100 மி.லி.

கேள்வி: அப்படியானால் இதுதானே துல்லியம்? சூத்திரம் வெறும் ஊகம்தானே?

பதில்: இல்லை. 60 கிலோ இளைஞரின் ஒரு நாள் யூரினில் சுமார் 1,200 மி.கி. கிரியேட்டினின் இருக்க வேண்டும். 700 வந்தால் சிறுநீரகத்தைச் சந்தேகிக்கும் முன் கேனைச் சந்தேகியுங்கள்.

கேள்வி: ஒழுங்காகப் பிடித்தால்?

பதில்: அப்போதும் கூடுதலாகத்தான் காட்டும். கிளாமருலஸ் (சிறுநீரகத்தின் வடிகட்டி) வடிகட்டியது போக, அதையடுத்த நுண்குழல்களும் கிரியேட்டினினை யூரினுக்குள் தள்ளுகின்றன. சிறுநீரகம் கெடக் கெட அந்தப் பங்கு பெருகும். ஆகவே யாருக்குச் சரியான எண் மிகவும் தேவையோ அவருக்குத்தான் பிழை அதிகம். வடிகட்டப்படுவதோடு சரி, உறிஞ்சவும் படாது, தள்ளவும் படாது என்பது இனுலின் (ஊசியில் ஏற்றி அளக்கும் ஒரு பொருள், இன்சுலின் அல்ல). அளவுகோல் அதுதான், அன்றாடத்துக்கு ஆகாது. கால் இழந்தவர், உடற்பயிற்சியில் தசை ஏற்றியவர் போன்றோருக்கு 24 மணி நேர யூரின் பயன்படும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக் போட்டதும் கிரியேட்டினின் 0.9 இருந்தது 1.2 ஆனது. யூரியா ஏறவில்லை.

பதில்: அதிலுள்ள டிரைமெத்தோபிரிம் அந்தத் தள்ளுதலை அடைக்கிறது. வடிகட்டுவது குறையாமலும் எண் ஏறும். பொட்டாசியத்தையும் ஏற்றக்கூடிய மருந்து, அதைச் சோதியுங்கள்.

கேள்வி: கிரியேட்டினின் குறைய வாழைத்தண்டு சாறு?

பதில்: குறைக்காது. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அதன் பொட்டாசியம் ஆபத்து.

கேள்வி: கிரியேட்டினின் குறைய வேறு என்ன சாப்பிடலாம்?

பதில்: இறைச்சியை நிறுத்தினால் எண் சற்று இறங்கும், சிறுநீரகம் தேறியதாகாது. சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பிடியுங்கள்.

கேள்வி: சிறுநீரகக் கல் 6 மி.மீ., என்ன செய்ய?

பதில்: யூராலஜி மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: பிரஷருக்கு ராமிப்ரில், நீர் மாத்திரை. முதுகுவலிக்கு டைக்ளோஃபெனாக் இரண்டு நாள் போதுமா?

பதில்: வேண்டாம். வலி மாத்திரை கிளாமருலஸுக்குள் வரும் குழாயைச் சுருக்கும், ராமிப்ரில் வெளியேறும் குழாயைத் தளர்த்தும், நீர் மாத்திரை ரத்த அளவைக் குறைக்கும். மூன்றும் சேர்ந்தால் வடிகட்டும் அழுத்தமே விழும். வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் சிறுநீரகம் கெட இரண்டு நாளே போதும். பாராசிட்டமால் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.