ஆடும் கால்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஃப்ரெட் அஸ்டேரின் ஹாலிவுட் நடனப் படங்களை டிவியில் போட்டால் பாதம் வெட்டுப்படுகிறது. அப்படித்தான் எடுத்தார்களா?

பதில்: இல்லவே இல்லை, கோளாறு டிவி செட்டிங்கில் இருக்கிறது. 'டாப் ஹாட்' (1935), 'ஸ்விங் டைம்' (1936) எல்லாம் உயரம் 1 என்றால் அகலம் 1.37 என்ற சட்டத்தில் எடுத்தவை. இன்றைய அகலத் திரையை நிரப்ப 'ஜூம்' வைத்தால் படத்தின் மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் போய்விடும். டிவியின் பட அளவை, ஏறக்குறைய அதே விகிதமான 4:3-க்கு மாற்றுங்கள். பக்கவாட்டில் கறுப்புப் பட்டை வந்தால் வரட்டும்.

உச்சி முதல் பாதம் வரை ஆள் முழுசாகத் தெரிய வேண்டும், நடுவில் முடிந்தவரை ஷாட்டை வெட்டக் கூடாது என்பதில் அஸ்டேர் பிடிவாதக்காரர். முகத்துக்கு ஒரு க்ளோசப் போனாலே காலின் தாளம் அறுந்துவிடும். ஆனால் கடைசி அடியில் பிசகினாலும் முதலிலிருந்து ஆட வேண்டும். 'ஸ்விங் டைம்' படத்தின் இறுதி நடனத்துக்கு 47 டேக் ஆனது. அவரோடு ஜோடியாக ஆடிய ஜிஞ்சர் ரோஜர்ஸின் காலில் ரத்தமே வந்துவிட்டது. படியேறிச் சுழலும் இடத்தைப் பாருங்கள், வலியின் சாயல்கூட இருக்காது. எத்தனை பெரிய கலைஞர்!

கேள்வி: 'ராயல் வெட்டிங்' (1951) படத்தில் சுவரிலும் கூரையிலும் ஆடுகிறாரே, கயிறு கட்டியா?

பதில்: கயிறே கிடையாது. அறையை ஒரு பெரிய உருளைக்குள் கட்டி, உருளையைச் சுழற்றினார்கள். கேமராவும் கேமராமேனும் அறையோடு பிணைக்கப்பட்டுக் கூடவே சுழன்றதால், திரையில் அறை அசையாமல் நிற்கிறது. சாமான்களும் இறுக்கப்பட்டவை. அஸ்டேர் எப்போதும் அடியில் இருக்கும் பரப்பில்தான் ஆடுகிறார். தரையும் சுவரும் சேரும் மூலை அடிமட்டத்துக்கு வரும் நொடியில் கால் மாற்ற வேண்டும். முந்தினால் சுவர் இன்னும் செங்குத்தாக நிற்கும். பிந்தினால் நிற்கும் தரையே சறுக்கிவிடும். அந்த ஒரு நொடிக்காகவே திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

கேள்வி: உலோகத் தகடு பதித்த காலணியால் தரையைத் தட்டி ஆடும் டேப் டான்ஸின் சத்தம் படப்பிடிப்பிலேயே பதிவானதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. பாட்டை ஓடவிட்டு ஆட்டத்தைப் படமாக்கி, பிறகு அதைப் பார்த்தபடியே தட்டிச் சத்தத்தைத் தனியாகப் பதிந்தார்கள்.

கேள்வி: வீட்டில் டேப் டான்ஸின் 'ஷஃபிள்' அடியைப் பழகுகிறேன். இரண்டு சத்தமும் ஒன்றாகவே கேட்கிறது.

பதில்: கணுக்கால் இறுகியிருக்கிறது. எடையை மறு காலில் போட்டு, முட்டியைச் சற்று மடக்கி, முன்பாதத்தால் முன்னே ஓர் உரசல், பின்னே ஓர் உரசல். பாதம் தொங்கினாற்போல் தளர்வாக இருக்கட்டும். முதலில் மெதுவாக, இரண்டும் தனித்தனியாகக் கேட்ட பிறகே வேகம் கூட்டுங்கள். டைல்ஸ் தரை வழுக்கும், மூட்டுக்கும் ஆகாது. ஒரு பிளைவுட் பலகை போட்டுக்கொள்ளுங்கள்.