ஊருணிக்கு வரும் வழி

வணக்கம் ஐயா,

என் சொந்த ஊர் தேவகோட்டைக்கு அருகில் உள்ளது, வேலை சென்னையில். பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது, என் அப்பத்தா குடிதண்ணீர் எடுத்த ஊருணியின் பக்கத்தில் நிற்க முடியவில்லை. தண்ணீர் பச்சையாக நாற்றமெடுத்துக் கிடந்தது. மாசு என்றாலே ஆலையும் புகையும்தான் என்று நினைத்திருந்தேன். எங்கள் ஊரில் ஓர் ஆலைகூட இல்லையே, பிறகு எப்படி இந்த நிலை வந்தது? நண்பர்கள் சேர்ந்து பணம் திரட்டித் தூர்வாரி, சுற்றிலும் கான்கிரீட் சுவர் எழுப்பலாம் என்று எண்ணுகிறோம். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த மறுநாள் விடிகாலையில் எங்கள் ஊர் ஊருணிக்குப் போனேன். படித்துறையில் ஷாம்பு பாக்கெட்டுகள் ஈரத்தோடு ஒட்டியிருந்தன. தண்ணீரை அள்ளியபோது விரலிடுக்கில் பச்சைக் குழம்பு தங்கியது. கரையோரம் சிறு கெண்டைகள் வயிறு வெளுத்து மிதந்தன. சோப்புத்தூளிலும் கழிவுநீரிலும் இருக்கும் பாஸ்பேட்டும் நைட்ரஜனும் பாசிக்கு உரமாகின்றன. பகலில் ஆக்சிஜனை வெளியிடும் அந்தப் பாசி இரவு முழுவதும் அதையே எடுத்துக்கொள்கிறது, செத்த பாசியை மட்கவைக்கும் நுண்ணுயிரிகளும் தம் பங்குக்கு எடுத்துக்கொள்கின்றன, ஆகவே விடியும் நேரத்தில் மீனுக்கு மூச்சுவிட எதுவும் மிஞ்சுவதில்லை.

ஆலை இல்லாத ஊரில் இது எப்படி வந்தது என்று கேட்கிறீர்கள். செட்டிநாடு வற்றாத ஆறு இல்லாத நிலம். அதனால் இங்கே ஊரமைத்தவர்கள் மழையை நம்பியே கட்டினார்கள்: ஓட்டுச் சரிவில் இறங்கும் மழை வீட்டின் நடுமுற்றமான வளவில் விழுந்து, வடிகால் வழியாகத் தெருவுக்கு வந்து, தெருவின் சரிவான வாட்டத்தில் ஓடி, வரத்துக்கால் வழியே ஊருணியைச் சேரும், நிரம்பி வழிவது கண்மாய்க்குப் போகும். குடிக்கும் ஊருணி வேறு, குளிக்கும் ஊருணி வேறு. குடிதண்ணீர் ஊருணியில் கால் கழுவியதற்காக என் அப்பத்தா என்னைப் படியிலேயே நிறுத்தி வைத்து ஏசியது இன்றும் காதில் இருக்கிறது.

அந்த வாட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது. வீட்டுக்கு வீடு குழாயும் ஆழ்துளைக் கிணறும் வந்தபின் ஊருணித் தண்ணீரைக் குடிக்க வேண்டிய தேவை போயிற்று. குளியலறைத் தண்ணீரையும், சில வீடுகளில் கழிவறைத் தொட்டி நிரம்பி வழிவதையும், கைக்கு எளிதாக இருந்த அதே தெரு வடிகாலில் திருப்பிவிட்டோம். முன்பு மழையைக் கொண்டுபோன கால்வாய் இப்போது நாம் கொடுப்பதைக் கொண்டுபோகிறது. எங்கள் ஊர் வரத்துக்காலின் நடுவில், ஒரு கல்யாண மண்டபத்தின் பின்புறம், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டுகள் முழங்கால் உயரத்துக்குக் கிடக்கின்றன. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை அவை. மாடுகள் சோற்று வாடைக்கு அவற்றைத் தின்கின்றன. மிஞ்சியதை இரவில் கொளுத்துகிறார்கள். பிவிசி என்னும் பிளாஸ்டிக் கலந்த குப்பை எரியும்போது டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டாகிறது. அந்தப் புகை புகுவது பக்கத்து வீட்டுக் குழந்தையின் நெஞ்சுக்குள்.

கான்கிரீட் சுவர் வேண்டாம் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வரத்து வாயை அடைத்துச் சுவர் கட்டிய ஓர் ஊருணி, அடுத்த மழைக்காலத்திலும் வறண்டு கிடந்ததைக் கண்ணால் கண்டிருக்கிறேன். பழைய செம்பூராங்கல் சுவர் சரிந்திருந்தால் அந்தக் கல்லாலேயே எடுத்துக் கட்டுங்கள். தூர்வாருவதும் பிறகுதான், வரும் வழியைச் சீர்செய்யாமல் தூர்வாரினால், திரட்டிய பணம் இரண்டு மழைக்குள் சேறாகிவிடும். முதல் செலவு வீட்டுக்கு வீடு உறிஞ்சுகுழியாக இருக்கட்டும். குளியல் தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் அதில் இறங்கட்டும், ஓரத்தில் வாழையோ கல்வாழையோ வையுங்கள். கழிவறைத் தொட்டியை வடிகாலோடு இணைத்திருக்கும் வீடுகளில் ஊர்ப் பெரியவர்களை முன்வைத்துப் பேசுங்கள்.

ஊர் கேட்குமா என்று நீங்கள் தயங்கக்கூடும். நம் சிவகங்கை மாவட்டத்திலேயே, 1977இல் பறவைகள் சரணாலயமான வேட்டங்குடியை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில், கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரளக் கூடாது என்று மக்கள் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகளும் அதற்கு உடன்பட்டிருக்கிறார்கள்.

ஐப்பசியில் விடுமுறை எடுத்து வாருங்கள். மழை பெய்யும்போது குடையோடு உங்கள் வளவிலிருந்து தண்ணீர் போகும் வழியே ஊருணி வரை நடந்து, எந்த வீட்டருகே முதலில் நுரை தெரிகிறது என்று குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். தூர்வாரும் பேச்சை அதன்பின் தொடங்கலாம்.

அன்புடன்.