ஸ்தோத்திரத்துக்கு முந்தைய வரி

அன்புள்ள ஐயா,

போன மாதம் எங்கள் ஊரில் ஒரு சின்னப் பதிப்பகத்தின் விழா நடந்தது. ஒரே மேடையில் ஆறு புத்தகங்கள். மூன்று வாழ்க்கை நினைவுகள், மூன்று விசுவாசத்தைப் பற்றியவை. அந்த ஆறில் ஒன்று என் அம்மா எழுதியது. அம்மாவுக்கு 74 வயது. மிஷன் ஆஸ்பத்திரியில் 31 வருஷம் நர்ஸாக இருந்தவர். முந்நூறு பிரதி போட்டோம், அச்சுச் செலவில் பெரும்பகுதி என் பணம். பதிப்பாளர் நல்ல மனிதர். பொன்னாடை போர்த்தி, ஆறு பேரையும் "எங்கள் ரத்தினங்கள்" என்றார். அன்று ராத்திரி அம்மா சந்தோஷத்தில் தூங்கவே இல்லை.

பிறகு உட்கார்ந்து படித்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. சின்ன வயதில் அம்மா வாயால் நான் கேட்ட கதை ஒன்றுகூட அதில் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்தான். "இதெல்லாம் சொந்தக்காரங்களுக்குக் கொடுக்கிற புத்தகம், இலக்கியம்னு நினைச்சுக்காதே" என்கிறார் என் வீட்டுக்காரர். அவர் சொல்வது சரியா? காசு கொடுத்துப் போடுகிற இந்த மாதிரிப் புத்தகங்களுக்கு மதிப்பு ஏதாவது உண்டா?

எஸ்., பாளையங்கோட்டை

*

அன்புள்ள எஸ்.,

காசு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். நீங்கள் பணம் கொடுத்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தமிழ் அச்சு பிறந்ததே அப்படித்தான். தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக் கடற்கரையில் வாழ்ந்த பரதவர்கள் தங்களுக்குள் திரட்டிக் கொடுத்த பணம் அதற்குப் பின்னால் இருக்கிறது. ஹென்றிக் ஹென்றிக்கஸ் பாதிரியாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சானது, பதினாறே பக்கம். அவரே 1586இல் கொண்டுவந்த 'அடியார் வரலாறு' அறுநூறு பக்கத்துக்கும் மேலே போகிறது. முழுக்கப் புனிதர்களின் வாழ்க்கைக் கதை. அச்சு வந்து எட்டே வருஷத்தில் நம் ஆட்களுக்கு விசுவாசிகளின் கதை தேவைப்பட்டிருக்கிறது. அந்தப் பரதவர்களின் கடற்கரை உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேருகிற தூரம்தான்.

ஆனால் அது ஊரார் பார்த்து வணங்கிய பெரியவர்களின் கதை, இன்னொருவர் எழுதியது. ஒரு சாதாரண மனுஷி தன் கதையைத் தானே எழுந்து சொல்வது சபைகளில் வேறு வாசல் வழியாக வந்தது. அதற்குப் பெயர் சாட்சி, உங்களுக்குத் தெரியாததில்லை. உபவாசக் கூட்டத்திலும், வருஷக் கடைசி ராத்திரி ஆராதனையிலும் கேட்டுக்கொண்டே வளர்ந்திருப்பீர்கள். வியாதி, கண்ணீர், ஜெபம், சுகம், ஸ்தோத்திரம். மூன்று நிமிஷத்தில் சொல்லிவிட்டு உட்கார வேண்டும், அடுத்தவர் ஏற்கெனவே எழுந்து நிற்கிறார். கேட்பவர்களுக்கு உங்களையும் தெரியும், உங்கள் வீட்டையும் தெரியும், அதனால் விவரம் தேவையில்லை. அந்த மூன்று நிமிஷத்துக்கு அது கச்சிதமான வடிவம். அதையே நீட்டி நூற்றைம்பது பக்கம் எழுதும்போதுதான் தகராறு.

அம்மாவின் புத்தகத்தை நான் படிக்கவில்லை. ஆனாலும் "அந்த இக்கட்டான நேரத்திலும் ஆண்டவர் அற்புதமாய் நடத்தினார்" என்கிற மாதிரி ஒரு வரி அதில் எங்கேயாவது இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். அந்த வரிக்கு அடியில் ஒரு முழு ராத்திரி புதைந்து கிடக்கும். கரண்ட் போயிருக்கலாம். டாக்டர் வந்து சேர நேரமாகியிருக்கலாம். அரிக்கேன் விளக்கை யார் பிடித்துக்கொண்டு நின்றார்கள், வெளியே வராந்தாவில் புருஷன்காரன் என்ன சொல்லிக் கத்தினான், குழந்தை எப்போது அழுதது, அம்மா கை கழுவிவிட்டு வந்து முதலில் என்ன செய்தார்? நீங்கள் சின்ன வயதில் கேட்ட கதைகள் இவைதான் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு அவை மறக்கவில்லை. புத்தகம் என்றதும் மரியாதைக் குறைவாகத் தோன்றியிருக்கும், அவ்வளவுதான். தன்னைப் பற்றிப் பேசினால் பெருமை, ஆண்டவரைப் பற்றிப் பேசினால் தாழ்மை என்று பழகியவர்.

உங்கள் வீட்டுக்காரர் அரைவாசி சரி. இந்தப் புத்தகத்தைப் பற்றி அவர் சொல்வது சரியாக இருக்கலாம், இந்த வகையைப் பற்றிச் சொன்னால் தப்பு. தலித் கிறிஸ்தவரான பாமா தன் கதையைத் தானே எழுதிய 'கருக்கு' 1992இல் வந்தது. போட்டது பெரிய பதிப்பகம் இல்லை. மதுரையில் இயேசு சபையினர் நடத்தும் சமுதாய சிந்தனை செயல் ஆய்வு மையம். கன்னியர் மடத்துக்குள் போனதையும், அங்கேயும் ஜாதியைக் கண்டு வெளியே வந்ததையும் சொல்கிற புத்தகத்தை ஒரு கத்தோலிக்க நிறுவனமே அச்சுப் போட்டது. இன்று தமிழ்த் தன்வரலாற்றைப் பற்றிப் பேசுகிறவர் யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது. விசுவாச வட்டத்துக்குள்ளேயிருந்துதான் அது வந்தது. ஸ்தோத்திரம் சொல்ல முடியாத இடத்தில் சொல்லாமல் விட்டிருந்தது, அதைத் திருத்தாமல் போட ஒரு பதிப்பாளரும் இருந்தார்.

இனி அந்த விழா விஷயத்துக்கு வருகிறேன். ஆறு பேரும் ரத்தினம் என்றால் ஆறு பேரையும் அவர் படிக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றும். பொல்லாங்காகச் சொல்லவில்லை. சின்னப் பதிப்பகம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். டைப் அடிப்பதும் அவர்தான், மெய்ப்புப் பார்ப்பதும் அவர்தான், பார்சல் கட்டி கூரியருக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோவதும் அவர்தான். அதோடு மேடையில் பேசுகிறவர்களின் லட்சணமும் எனக்குத் தெரியும், நானே அதில் ஒருவன். பின்னட்டையும் முதல் பத்துப் பக்கமும் படித்துவிட்டு அரைமணி நேரம் முழங்கியிருக்கிறேன். அந்த ஆசிரியர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கியபோது எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

புத்தகத்துக்கு எடுத்த விழாக்களில் எனக்குப் பிடித்தது உ.வே.சா. சொல்கிற ஒன்று. 1940 முதல் ஆனந்த விகடனில் வந்த 'என் சரித்திர'த்தில் இருக்கிறது. அவர் சைவர். ஜைனக் காப்பியமான சீவக சிந்தாமணியில் பல இடம் விளங்காமல், கும்பகோணத்தில் சந்திரநாத செட்டியார் என்ற ஜைனரின் வீட்டுக்குப் போகிறார். வாசலில் கோலமும் தோரணமுமாக இருக்கிறது. ஏதோ விசேஷ நாளில் வந்துவிட்டோமே என்று தயங்குகிறார். விசாரித்தால், அந்த வீட்டில் சிந்தாமணியைப் படித்து வந்தார்களாம், அன்றைக்குத்தான் முடித்தார்களாம், அதற்குத்தான் தோரணம்! எழுதியவருக்குப் பொன்னாடை கிடையாது. படித்து முடித்ததற்கு விழா.

உங்கள் பதிப்பாளர் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. மேடைக்கு முன்னால் ஒரு மத்தியானம் அம்மாவின் எதிரில் உட்கார்ந்து "அப்புறம் என்ன ஆச்சும்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கலாம். அவர் கேட்கவில்லை, நீங்கள் கேளுங்கள். கதை உங்களுக்குப் பாதி தெரியும் என்பதால் அவரைவிட நீங்கள் நன்றாகவே கேட்பீர்கள். போனில் ரெக்கார்ட் செய்துகொள்ளுங்கள். புத்தகத்திலிருந்து ஸ்தோத்திரத்தை எடுக்கச் சொல்லாதீர்கள், அது அவருடையது. ஒவ்வொரு ஸ்தோத்திரத்துக்கும் முந்தைய வரியில் என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள். எரிச்சல்படுவார். "அதெல்லாம் எதுக்கு இப்போ" என்பார். ரெண்டாம் நாள் அவரே கூப்பிட்டு உட்காரவைப்பார்.

முந்நூறு தீர்ந்த பிறகு முப்பது பிரதி மட்டும் அடித்துக்கொள்ளும் வசதி இப்போது இருக்கிறது. அதனால் இரண்டாம் பதிப்புக்குப் பெரிய செலவு இல்லை, உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லலாம்.

இருக்கிற பதிப்பில் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அன்பளிப்பு வேண்டாம், விலையைத் தபால் செலவோடு சேர்த்து எழுதுங்கள். இந்தத் தடவை கடைசிப் பக்கம் வரை படிக்கிறேன்.