வெற்றிகள் கூடியும் தரவரிசை 14இலிருந்து 31க்குச் சரிந்தது ஏன்?

கணினி டென்னிஸ் விளையாட்டில் நீங்கள் நடத்தும் வீரரின் ஆட்டம் கெட்டுவிடவில்லை. சென்ற பருவத்தின் புள்ளிகள் கழிந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

ஏடிபி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பு) முறையில் தரவரிசைப் புள்ளிகளுக்கு ஆயுள் 52 வாரம்; அதன்பின் அவை கழிந்துவிடும். மிகப் பெரிய நான்கு போட்டிகளான கிராண்ட்ஸ்லாம் ஒன்றின் அரையிறுதிக்கு ஐந்தே வெற்றிகளில் 800 புள்ளிகள் வந்துவிடும். வென்றவருக்கு 250 புள்ளிகள் தரும் சிறிய போட்டிகளில் (250 நிலை) மூன்று கோப்பைகள் வென்றாலும், அதாவது பதினைந்து ஆட்டங்கள் வரை ஜெயித்தாலும், தேறுவது 750தான். சிறிய போட்டிகளிலேயே வீரரை ஓடவிட்டிருப்பீர்கள் என்று தோன்றுகிறது.

இரு பருவ முடிவுகளையும் போட்டிவாரியாக அருகருகே வைத்துப் பாருங்கள். பெரிய எண் எங்கே காணாமல் போயிருக்கிறதோ, சரிவு அங்கேதான். மொத்த வெற்றி விகிதத்தை நம்பாதீர்கள்; ஆட்டத்தின் தரத்தை அறிய, தரவரிசையில் முதல் 20 பேருக்கு எதிராக இரண்டாவது சர்வில் (முதல் சர்வ் தவறியபின் போடுவது) ஆட்டத்துக்குள் எடுத்த புள்ளிகள்தான் உண்மையைச் சொல்லும்.

ஆனால் உங்கள் விளையாட்டு ஆண்டுதோறும் புள்ளிகளைப் பூஜ்யமாக்கும் வகையென்றால் இந்த விளக்கம் செல்லாது. அப்போது வயதால் வீரரின் திறன் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.