பந்தியா, பஃபேயா?

(பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் கல்யாணச் சமையல் ஒப்பந்தம் எடுத்து நடத்துபவர், விருந்து பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு பாலக்காடு பக்கத்துச் சித்தூர். அவர்கள் இலை போட்டு சத்யை (கேரளத்து இலை விருந்து) வேண்டும் என்கிறார்கள். என் மகனோ பஃபேதான் வசதி என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, கோபாலபுரம்

இருவர் பேச்சையும் கேளுங்கள் அம்மா. முந்தின நாள் இரவு வரவேற்புக்கு பஃபே, முகூர்த்தத்துக்கு இலை. சண்டை வேண்டாம் என்பதற்காகச் சொல்லவில்லை, பண்டங்களின் குணம் அப்படி.

தேங்காய்ப்பாலில் செய்யும் ஓலன் ஓடுகிற பதார்த்தம். அகலமான இலையில் அதற்கென்று ஓர் இடம் உண்டு. தட்டில் அது எரிசேரியில் போய்ச் சேரும், இஞ்சிப்புளி அவியலுக்குள் இறங்கும், நாலு வாய்க்குள் எல்லாம் ஒரே ருசியாகிவிடும். ஆவி பறக்கும் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்த பப்படம் சீக்கிரமே நமுத்துப்போகும். பந்தியில் அப்படியில்லை. பரிப்பும் (பருப்பு) நெய்யும் விழுந்ததும் மொறுமொறுவென்று நொறுக்கிப் பிசையலாம். பாலடைப் பிரதமன் என்ற பாயசத்தை இலையிலேயே ஊற்றி, பழத்தைப் பிசைந்து, விரலால் வழித்துச் சாப்பிட வேண்டும். அதைக் காகிதக் கிண்ணத்தில் வாங்கி நின்றுகொண்டே குடிக்கச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

வரவேற்பின் கதை வேறு. ஏழு மணிக்குச் சிலர் வருவார்கள், ஒன்பதரைக்குச் சிலர் வருவார்கள். பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களைப் பந்திக்குக் காத்திருக்க வைக்கலாமா? அவர்களுக்கு பஃபேதான் உதவி.

பஃபேயில் தட்டை ஏந்தி வரிசையில் நின்றது பிச்சைக்கு நிற்பதுபோல இருந்தது என்று என் அப்பா சாப்பிடாமலே வீடு திரும்பிவிட்டார். மரியாதையில்லாத இந்தப் பழக்கம் ஏன் இப்படிப் பரவுகிறது?
– வாசகர், பொள்ளாச்சி

உங்கள் அப்பாவின் வருத்தம் நியாயமானது. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்ல ஒருவரும் இல்லாத விருந்து, எத்தனை வகை வைத்தாலும் விருந்தல்ல. ஆனால் பந்தியில் மட்டும் மரியாதை பொங்கி வழிகிறதா? சாம்பார் சாதத்தில் இருப்பவரின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு அடுத்த பந்திக்காரர் நிற்கிறார். மோர் வருவதற்குள் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுகிறவர்களை எத்தனையோ கல்யாணங்களில் பார்த்திருக்கிறேன்.

அதைவிடக் கசப்பான சங்கதி ஒன்று உண்டு. யாரோடு யார் உட்காரலாம், யார் வெளியே காத்திருக்க வேண்டும் என்று சாதி பார்த்துப் பந்தி போட்ட நாடு இது. 1917-இல் கேரளத்தின் செறாயியில் சமூக சீர்திருத்தக்காரர் சகோதரன் அய்யப்பன், தம் ஈழவச் சமூகத்தாரையும் புலையர்களையும் ஒன்றாக உட்காரவைத்து மிசிரபோஜனம் (கலந்துண்ணும் விருந்து) நடத்தினார். சேர்ந்து சாப்பிட்டதற்காக அவரைச் சொந்தச் சமூகத்தாரே ஒதுக்கிவைத்தார்கள். பஃபே மேஜையில் முதல் பந்தி, கடைசிப் பந்தி என்பதே கிடையாது. முன்னால் நிற்பவர் வைத்த அதே கரண்டியைத்தான் பின்னால் வருபவரும் எடுக்கிறார். இந்த ஒன்றுக்காகவே நான் பஃபேயைக் கும்பிடுவேன்.

குறையைத் தீர்க்க வழி இருக்கிறது. ஒவ்வொரு பாத்திரத்துக்குப் பின்னாலும் ஓர் ஆளை நிறுத்துங்கள், முகம் பார்த்துப் பரிமாறத் தெரிந்த ஆளாக. மேஜையைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் நடுவில் போட்டால் இரண்டு பக்கமும் வரிசை நகரும், நிற்கும் நேரம் குறையும். தட்டு தொடக்கத்தில் இருக்கட்டும். ஸ்பூனும் துடைக்கும் தாளும் கடைசியில்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கை போதாது. அறுபது தாண்டியவர்களுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் தனியாக மேஜை நாற்காலி போட்டு, இரண்டு பையன்களை விட்டு உட்கார்ந்த இடத்திலேயே பரிமாறச் சொல்லுங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது, பேரம் பேசவும் விடுவதில்லை.

இந்த பஃபே முறை எங்கிருந்து வந்தது?
– மாணவி, கொல்லங்கோடு

ஐரோப்பாவில் பல இடங்களில் இருந்த வழக்கம். இன்று நாம் காணும் வடிவத்துக்கு ஸ்வீடன்காரர்களின் 'ஸ்மோர்காஸ்போர்ட்' விருந்து முக்கியமான வேர்; பல வகைகளை மேஜையில் பரப்பி வைத்து, அவரவரே எடுத்துச் சாப்பிடுவது அது. 1939-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் அவர்கள் அதை வைக்க, அமெரிக்கர்களுக்குப் பிடித்துப்போனது. 1940-களில் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதி ஒன்று, வந்தவர்கள் இரவில் எழுந்து வெளியே போகாமல் இருப்பதற்காக ஒரு டாலருக்கு வேண்டிய மட்டும் சாப்பாடு என்று ஆரம்பித்தது. 1958-இல் டோக்கியோ இம்பீரியல் ஹோட்டலுக்கும் வந்துவிட்டது. லாஸ் வேகாஸ்காரரின் நோக்கம் சூதாட்ட மேஜை. கல்யாண வீட்டின் நோக்கம் வந்தவர் வயிறு. அங்கே செய்வதையெல்லாம் நாமும் செய்யத் தேவையில்லை.

எட்டு மணிக்கு மேஜையில் வைத்த உணவைப் பதினொரு மணி வரை சாப்பிடலாமா?
– வாசகர், வாளையார்

சூடு இருந்தால் சாப்பிடலாம். கை பொறுக்கும் சூடு போதாது, 60 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது. சமைத்ததைச் சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. பாத்திரத்துக்கு அடியில் வெந்நீரும் நெருப்பும் வைப்பது சூட்டைக் காப்பாற்றத்தான். ஆறிப்போனதை அது சூடாக்காது. ஆகவே கொதிக்கக் கொதிக்கவே மேஜைக்கு வர வேண்டும். பெரிய பாத்திரம் ஒன்றை நிரப்பி வைப்பதைவிட, சின்னப் பாத்திரங்களில் அடிக்கடி மாற்றுவது நல்லது. பழையதன் மேலேயே புதியதை ஊற்றுகிறவரை நான் வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை. தேங்காய்ச் சட்னியையும் தயிர்ச் சாதத்தையும் சூட்டுப் பாத்திரங்களிலிருந்து தள்ளி, ஐஸ் மேல் வைக்கச் சொல்லுங்கள். சோறு விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. வெந்த சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமி விடும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது.

பஃபே வைத்தால் செலவு குறையுமா?
– வாசகர், வேலந்தாவளம்

பரிமாறும் கூலி குறையும், சமையல் செலவு குறையாது. பந்தியில் இன்னும் எத்தனை இலை என்று கண்ணால் எண்ணி அடுப்பை அணைக்கலாம். பஃபேயில் கடைசியாக வருகிறவருக்கும் எல்லாப் பாத்திரமும் நிறைந்திருக்க வேண்டும், மிச்சம் விழுவது அங்கேதான். வகைகளைக் குறையுங்கள். ஆறு கறிக்குப் பதில் மூன்று போதும், நன்றாக இருந்தால். அப்படியும் மிஞ்சினால், மேஜைக்கே வராமல் அடுப்படியில் சூடாக இருப்பதை மட்டும் பிறருக்குக் கொடுங்கள். பக்கத்தில் எந்த ஆதரவற்றோர் இல்லத்துக்கு, எத்தனை பேருக்கு, எத்தனை மணிக்குள் தேவை என்று அடுப்பு மூட்டுவதற்கு முன்பே போன் செய்து கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.