பட்டறைத் தபால்: புல்லட்டின் இடது பக்கச் சொட்டு

கேள்வி: என்னிடம் இருப்பது 1986 மாடல் புல்லட் 350, மாமனார் ஓட்டிய வண்டி. இடது பக்கச் செயின் கேஸிலிருந்து, அதாவது இன்ஜினையும் கிளட்சையும் இணைக்கிற செயின் ஓடும் பெட்டியிலிருந்து, ஆயில் சொட்டுகிறது. ரப்பரை இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. மெக்கானிக் சிவப்புப் பசையைத் தடவி, நடுவில் இருக்கும் நட்டை ஆனமட்டும் முறுக்கிக் கொடுத்தார். பத்து நாள் நின்றது, மறுபடியும் சொட்டு. தாழ்வாரத்தில் புதிதாக டைல்ஸ் போட்டிருக்கிறோம். அப்பா வண்டி என்பதால் என் மனைவி அதை விற்கவும் விடவில்லை, தாழ்வாரத்தில் நிறுத்தவும் விடவில்லை. என்ன செய்யலாம்?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: முதலில் அந்த நட்டை முறுக்குவதை நிறுத்துங்கள். உங்கள் வண்டிக்குப் பாதி வியாதி அதுதான்.

இங்கிலாந்தில் ரெட்டிச்சில் வரைந்த வண்டி, 1956-லிருந்து நம் திருவொற்றியூரில் வந்தது. செயின் கேஸை மூடுகிற அந்த நீளமான கவர் முழுவதையும் ஒரே ஒரு நட்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் ஸ்க்ரூ கிடையாது. விளிம்பு முழுக்க ஒரு ரப்பர் வளையத்தின் மேல் அமர்ந்திருக்கும். சம்புடத்து மூடியை நடுவில் ஓங்கி அழுத்தினால் ஓரம் வாய் பிளக்கும் இல்லையா, அதேதான் இங்கேயும். நீங்கள் முறுக்க முறுக்க நடு உள்ளே போகும், இரண்டு கோடியும் தூக்கும். ரப்பர் எத்தனை புதிதாக இருந்தால் என்ன?

எனக்கும் இந்தப் புத்தி அடிபட்டுத்தான் வந்தது. திருச்சியில் ஒரு பட்டறையில் எடுபிடியாக இருந்த காலத்தில், ஒழுகுகிற கவர் ஒன்றை நிறுத்திக் காட்டுகிறேன் பார் என்று ஸ்பேனரில் பைப்பை மாட்டி முறுக்கினேன். ‘டக்’ என்றது. நடு ஸ்டட்டின், அதாவது நட் ஏறுகிற கம்பியின், மரை போய்விட்டது. அப்புறம் ஆறு மாதத்துக்கு அங்கே எனக்கு ‘மரை கழண்டவன்’ என்றுதான் பெயர்.

சரி, வேலைக்கு வருவோம். இடது ஃபுட்ரெஸ்ட்டையும் பிரேக் பெடலையும் கழற்றுங்கள். கீழே ஒரு சுத்தமான தட்டை வைத்துவிட்டுக் கவரை எடுங்கள். தட்டில் விழுகிற ஆயிலைக் கொட்டிவிடாதீர்கள், அதை அளக்க வேண்டும். உள்ளே சுமார் 400 மில்லி இருக்க வேண்டிய இடம். 600 மில்லி வந்தால், கறுப்பாகவும் பெட்ரோல் வாடையோடும் இருந்தால், வியாதி கவரில் இல்லை. கிராங்க் ஷாஃப்ட்டின் (இன்ஜினுக்குள் சுழலும் தண்டு) இடது பக்க ஆயில் சீல் தேய்ந்து, இன்ஜின் ஆயில் செயின் கேஸுக்குள் குடிவந்துவிட்டது. அளவு மீறினால் அது எந்த வழியிலாவது வெளியேறத்தானே பார்க்கும்? சீலை மாற்றுவதற்கு முன்னால் இன்ஜின் மூச்சு விடுகிற இடத்தில் வாத்து மூக்கு மாதிரி ஒரு ரப்பர் இருக்கும், அதைப் பாருங்கள். அது காய்ந்து ஒட்டிக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி நல்ல சீலையும் தாண்டித் தள்ளும். சின்ன ரப்பர்தான். அதைப் பார்க்காமல் இன்ஜினைப் பிரித்தவர்கள் நிறையப் பேர்.

அளவு சரியாக இருந்தால் கவருக்குப் போகலாம். பழைய பசையை மூங்கில் குச்சியால் சுரண்டுங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், அலுமினியத்தில் கோடு விழும், அந்தக் கோடே ஆயிலுக்கு வாய்க்கால். கவரைத் தடித்த கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்து, விளிம்புக்கு அடியில் சிகரெட் பெட்டித் தாளைச் செருகிப் பாருங்கள். தாள் போகிற இடத்தில் ஆயிலும் போகும். இலேசான கோணல் என்றால் கண்ணாடி மேல் எமரித் தாளை ஒட்டி, லைசென்ஸுக்கு எட்டுப் போட்டது மாதிரி கவரை எட்டு வடிவில் சுற்றித் தேயுங்கள். விளிம்பு முழுவதும் ஒரே மாதிரி மங்கலான நிறம் வரும்வரை தேய்த்தால் போதும். நிறையக் கோணியிருந்தால் இது ஆகாது, வேறு கவர்தான்.

ரப்பரைப் பெட்ரோலில் கழுவுகிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. ஊறி நீண்டுவிடும், பள்ளத்தில் உட்காராமல் ஒரு பக்கம் வளைந்து நிற்கும். உடனே பிளேடால் நறுக்கி ஒட்டுவார்கள். அந்த ஒட்டில்தான் அடுத்த சொட்டு. துணியால் துடைத்தால் போதும். ஏற்கெனவே நீண்டிருந்தால் ஒரு நாள் கொடியில் தொங்கவிடுங்கள், பெரும்பாலும் சுருங்கிவிடும். பசை கண்டிப்பாக வேண்டுமென்றால், ரப்பர் பள்ளத்தில் அசையாமல் நிற்க உள்பக்கம் மட்டும் மெல்லிய பூச்சு. நடு நட்டின் வாஷருக்கும் ஒரு துளி தடவலாம். அந்த ஸ்டட்டின் மரை வழியாகவே ஆயில் ஏறி வெளியே வரும், கவர் ஒழுகுவதாக நினைத்துக்கொள்வோம்.

மாட்டும்போது கவரைக் கையால் அழுத்திப் பிடித்து, நட்டை விரலால் போகிற வரை சுற்றிவிட்டு, சின்ன ஸ்பேனரில் ஒரு கையால் வருகிற அளவு இறுக்கினால் போதும். பிறகு கட்டை விரலை விளிம்பு நெடுகிலும் ஓட்டிப் பாருங்கள். ரப்பர் எல்லா இடத்திலும் ஒரே அளவு நசுங்கியிருப்பது விரலுக்கே தெரியும்.

இவ்வளவும் செய்து மறுபடி சொட்டினால்? அந்த இடம் முழுவதையும் மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, குழந்தைக்குப் போடுகிற பவுடரைத் தூவி ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடர் எங்கே முதலில் நனைந்திருக்கிறதோ அதுதான் ஊற்று. ஓட்டும்போது காற்று ஆயிலைப் பின்னால் இழுத்துப் போகும், அதனால் சொட்டுகிற இடத்தை நம்பாதீர்கள். நான் பார்த்ததில் பாதிப் பேர் ஏமாறுவது ஆல்டர்னேட்டர் (கரண்ட் தயாரிக்கிற பாகம்) ஒயரில். ஒயர் வெளியே வரும் துளையின் ரப்பர் கட்டியாகிவிட்டால், ஆயில் ஒயரைப் பிடித்துக்கொண்டே நடந்து ஒரு சாண் தள்ளிச் சொட்டும்.

இன்னொன்று. தாழ்வாரத்தில் சைடு ஸ்டாண்டில்தானே நிறுத்துகிறீர்கள்? வண்டி இடது பக்கம் சாயும், உள்ளே இருக்கும் ஆயில் முழுக்க ராத்திரி பூராவும் கவர் மேலேயே சாய்ந்து கிடக்கும். சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். அளவு பார்ப்பதும் அப்படியேதான்: நிமிர்ந்த வண்டியில், கவரில் ஆயில் அளவு காட்டுகிற லெவல் ஸ்க்ரூவைக் கழற்றி, அந்தத் துளையில் வழிகிற வரை ஊற்றி, வழிவது நின்றதும் மூடுங்கள். அந்த ஸ்க்ரூவின் ஃபைபர் வாஷரையும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: செயின் கேஸில் கெட்டியான கியர் ஆயில் ஊற்றினால் லீக் குறையுமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: குறையும். கூடவே கிளட்சும் விடாது. அதே பெட்டிக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், காலையில் முதல் கியர் போட்டதும் வண்டி உங்களையும் இழுத்துக்கொண்டு குதிக்கும். ஒருவர் கிரீஸையே அப்பிக்கொண்டு வந்தார், அதை வழிக்க எனக்கு ஒரு மத்தியானம் ஆயிற்று.

கேள்வி: கவர் கோணிவிட்டது. புதிது வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?
- வாசகர், புதுக்கோட்டை

பதில்: கடைக்குப் பழைய கவரையும் ஒரு சிகரெட் பெட்டித் தாளையும் எடுத்துப் போங்கள். கடைக்காரரின் கண்ணாடி மேஜையிலேயே கவிழ்த்துப் பாருங்கள். நான் பார்த்தவரை புதிதிலும் கோணல் வருகிறது. நட் உட்காருகிற இடம் சமமாக இருக்கிறதா, லெவல் துளையின் மரை சுத்தமாக ஓடுகிறதா என்று அங்கேயே ஸ்க்ரூவைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.